கரி பிடித்த அடுப்பு

அந்த விடுதியில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அறைக்குள் நெருப்பு கூடாது.

சட்டம் போட்டவள் வெங்கடம்மாள். இடம் சுந்தரராஜுலுவின் பழைய பஞ்சுக் கிடங்கு, பீளமேட்டுக்கு வடக்கே. அவர் புதுக் கிடங்கு கட்டிக்கொண்டு போனபின் இதில் வௌவால்கள் குடியிருந்தன. போக்கிடம் இல்லாத பெண்கள் மில் வாசலிலும் ரயிலடியிலும் பிள்ளைகளோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, வெங்கடம்மாள்தான் அவரிடம் சாவியைக் கேட்டாள். அவருக்குச் சித்தி முறை, பிள்ளையில்லாத விதவை. அவர் மறுக்கவில்லை.

செங்கல் சுவர் வைத்து ஒன்பது அறைகள் தடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கிணற்றோரம் ஒரு சமையல்கட்டு. எல்லோருக்கும் அங்கேதான் சோறு. பெண்கள் பகலில் கழிவுப் பஞ்சு பிரிக்கவும் சித்தாள் வேலைக்கும் போய்வந்தார்கள். வெங்கடம்மாள் வாசலை ஒட்டிய சின்ன அறையில் இருந்தாள்.

ஓட்டுக்கு அடியில், உத்தரங்களில், இருபது வருடப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. எத்தனை முறை அடித்தும் போகவில்லை. சிறுவயதில் ஒரு பஞ்சுக் கிடங்கு மூன்று நாள் எரிந்ததை வெங்கடம்மாள் பார்த்திருக்கிறாள். அதனால் சட்டம்.

மத்தியானங்களில் அவள் வேலாத்தாவுக்குத் தலை சீவி விடுவாள். வேலாத்தா மூன்றாம் அறை மாரியாத்தாளின் மகள். ஏழு வயது, வாய் ஓயாது. அவளுக்குத் தலை சீவிவிட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு நாள் சீவினாள், மறுநாளும் குழந்தை சீப்போடு வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னல் போடக் குனிந்தபோது முடியில் விறகுப் புகை மணத்தது.

"ஏங்கண்ணு, பொகையில எங்க போயி நின்னே?"

"எங்கீமே நிக்கலீங்கம்மா."

"சமையக்கட்டுப் பக்கம் போனியா?"

"இல்லீங்க. எங்கூட்டு அடுப்புலதானுங்க." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

வெங்கடம்மாள் பின்னலை முடித்தாள். ரிப்பன் கட்டினாள். பிறகு எழுந்து மூன்றாம் அறைக்குப் போய், மூலையில் கவிழ்த்திருந்த கூடையை நிமிர்த்தினாள்.

மண் அடுப்பு. இரண்டு கை அகலம்கூட இராது. மூன்று குமிழும் கரியேறிக் கறுத்திருந்தன. சுற்றிலும் தரை மெழுகி, ஒரு சொம்புத் தண்ணீர் தயாராக வைத்திருந்தது.

அன்று சாயங்காலம் மாரியாத்தாள் வேலைவிட்டு வந்ததும் வெங்கடம்மாள் அவளைக் கூப்பிட்டாள்.

"ஏம்புள்ள, இதென்ன?"

"அடுப்புங்க."

"அது எனக்கும் தெரியுது. எத்தனை நாளா?"

"வந்த வாரத்துல இருந்துங்க."

"எட்டு மாசம்! எட்டு மாசமா எம் மூக்கு எங்க போயிருந்துச்சு?"

மாரியாத்தாள் சிரிக்கவில்லை. "வெடியால ஒருக்கா பத்த வெப்பேனுங்க. புள்ளைக்குக் கருப்பட்டிக் காப்பி காச்சறதுக்கு. எரியற வரைக்கும் பக்கத்துலயே குக்கி உக்காந்துக்கிட்டு இருப்பேன். தண்ணி தெளிச்சு அணைச்சுப் போட்டுத்தான் எந்திரிப்பேன்."

"காப்பி சமையக்கட்டுல குடுக்கறோமே?"

"குடுக்கறீங்க. நல்ல காப்பிதானுங்க."

"அப்பறம்?"

"அந்தியூர்ல எங்கூட்டுக்காரரு செத்துக் காரியம் முடிஞ்ச மக்கா நாளு, கொழுந்தன் ரேசன் கார்டைக் கொண்டுபோயி எம்பேரையும் புள்ள பேரையும் அடிச்சுப்போட்டு வந்துட்டானுங்க. அது தெரியாம நான் அடுப்பு மூட்டப் போனேன். அவம்பொண்டாட்டி சொன்னா, 'இங்க உனக்கு அடுப்பு இல்லே'ன்னு. அடுப்பில்லாத எடம் எப்படீங்க ஊடாகும்?"

"இங்க உனக்குக் கதவு இருக்குது. தாப்பா இருக்குது."

"இருக்குதுங்க."

வெங்கடம்மாளுக்கு உத்தரத்துப் பஞ்சு கண்ணில் ஆடியது. "வெள்ளிக்கெழமைக்குள்ள ஒடைச்சுப்போடு. இல்லீனா வேற எடம் பார்த்துக்கோ."

இரண்டாவதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. வந்துவிட்டது.

"சரீங்க," என்றாள் மாரியாத்தாள். "மதுக்கரையில எங்க சின்னம்மா மவ இருக்கறா. கல்லு ஒடைக்கப் போறா. குடிசையில எடமிருக்குதுன்னு சொன்னா. வெள்ளிக்கெழமை போய்க்கறேன்."

மறுநாள் மத்தியானம் வேலாத்தா சீப்போடு வரவில்லை.

வியாழக்கிழமை கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். வெங்கடம்மாள் போக மனமில்லாமல் போனாள். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டாள். விடுதி வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. அதன் பக்கத்தில் கையில் பெரிய நோட்டோடு ரேஷன் அதிகாரி ஷேக் பரீத் நின்றார். நரைத்த மீசை, கால்சட்டையில் சைக்கிள் கிளிப்பு.

"புதுக் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தேனுங்கம்மா. இங்க இருபத்தாறு பேருக்கு ஒரே கார்டா இருக்குது. தனித்தனி ஊடா இருந்தாத் தனித்தனி கார்டு. ஊடுன்னா அடுப்பு. எத்தனை அடுப்பு எரியுதோ அத்தனை கார்டு."

"இங்க ஒரே அடுப்புதானுங்க," என்றாள் வெங்கடம்மாள்.

"ஒம்போது!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

கருப்பாத்தாள். முதல் அறைக்காரி. விடுதியில் மூத்தவள், வாயில் அவளை மிஞ்ச ஆளில்லை. சேலை முந்தானையில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. "ஒம்போது அடுப்புங்க. வந்து எண்ணிப் பாருங்க."

அதிகாரி வெங்கடம்மாளைப் பார்த்தார். வெங்கடம்மாள் கருப்பாத்தாளைப் பார்த்தாள். மூவரும் உள்ளே போனார்கள்.

முதல் அறையில் நடு மையமாக ஒரு அடுப்பு. செம்மண்ணும் வைக்கோலும் சாணியும் பிசைந்தது. ஷேக் பரீத் குனிந்து குமிழை விரலால் தொட்டார். விரல் உள்ளே போயிற்று. எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எப்பப் பொறந்துச்சு?"

"அது ரொம்ப நாளாச்சுங்க," என்றாள் கருப்பாத்தாள்.

"ரொம்ப நாளா எரியற அடுப்பு இன்னும் காயலியா?"

"நம்ம கெணத்து மண்ணு அப்படீங்க. ஈரம் உடாது."

இரண்டாம் அறையிலும் ஈர அடுப்பு. நான்கிலும் ஐந்திலும் அதேதான். ஆறாம் அறையில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ராமாமணி என்கிற சின்னப் பெண் அதைக் காலால் முட்டுக்கொடுத்து நின்றாள். மூன்றாம் அறைக் கதவு மட்டும் சாத்தியிருந்ததால் அதைக் கடைசிக்கு விட்டார்கள். விஷயம் வெங்கடம்மாளுக்கு மெல்லப் பிடிபட்டது. அடுப்புக் கணக்கெடுக்க ஆள் வருவதை நேற்று கருப்பாத்தாள் அரிசிக் கடையில் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். எட்டுப் பெண்களும் வேலைக்குப் போகாமல் கிணற்றடியில் உட்கார்ந்து மண் பிசைந்திருக்கிறார்கள். பற்ற வைத்துக் காய வைத்திருந்தால் தப்பியிருக்கும். ஆனால் அறைக்குள் நெருப்பு கூடாது என்ற சட்டத்தை மீற ஒருத்திக்கும் மனம் வரவில்லை.

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஷேக் பரீத் கையைத் துடைத்தார். "கரியில்லாத அடுப்பை நான் எழுத முடியாதுங்க. என் மேலதிகாரி வந்து தொட்டுப் பார்த்தா நான் என்ன சொல்றது? ஒண்ணுன்னுதான் எழுதணும்."

கருப்பாத்தாளின் முகம் வாடிப்போயிற்று. அவர் மூன்றாம் அறைக் கதவைத் தட்டினார்.

அறை கூட்டிச் சுத்தமாக இருந்தது. நடுவில் கட்டி வைத்த ஒரு மூட்டை. அதன்மேல் வேலாத்தா உட்கார்ந்திருந்தாள், சீவாத தலையோடு. மூலையில் கூடை கவிழ்ந்தபடியே இருந்தது.

"உனக்கு அடுப்பு இருக்குதாம்மா?"

மாரியாத்தாள் கூடையைப் பார்க்கவில்லை. வெங்கடம்மாளைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் இந்த அம்மாவின் சட்டம் செல்லாது என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் கார்டு. கார்டில் முதல் பெயராக அவள் பெயர்.

"இல்லீங்க," என்றாள். "இங்க அறைக்குள்ள நெருப்பு கூடாதுங்க."

ஷேக் பரீத் நோட்டில் பேனாவை வைத்தார்.

வெங்கடம்மாள் மூலைக்குப் போனாள். கூடையை எடுத்தாள்.

"இருக்குதுங்க," என்றாள். "எட்டு மாசமா எரியுது. தொட்டுப் பாருங்க."

அவர் குனிந்து தொட்டார். விரல் கறுத்தது. அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு கேட்டார், "பேரு?"

"மாரியாத்தாள்." பேனா நகர்வதற்குள் மறுபடி சொன்னாள். "மாரியாத்தாளுங்க."

"குடும்பத் தலைவர்?"

"அவங்கதான்," என்றாள் வெங்கடம்மாள். "எழுதுங்க."

"ஏனுங்க, அப்ப எங்களுக்கு?" என்று வாசலில் கருப்பாத்தாள்.

"அடுத்த மாசம் வாரேனுங்க. அதுக்குள்ள கரி பிடிச்சிருந்தா எழுதிக்கறேன்."

அவர் போனதும் எல்லோரும் வெங்கடம்மாளின் வாயைப் பார்த்து நின்றார்கள். அவள் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள்.

"அறைக்குள்ள நெருப்பு கூடாது," என்றாள். "அதுல மாத்தமில்லே. பின்னால கெணத்தடிச் செவுரோரம் ஒம்போது அடுப்பு போடறோம். மேல தகரம். சுந்தரராஜுலு கிட்ட நான் கேட்டுக்கறேன். இந்தக் களிமண்ணையெல்லாம் வெளிய தூக்குங்க."

தூக்கியதில் ஐந்து உடைந்தன. ராமாமணியுடையது தூக்குவதற்கு முன்பே உடைந்துவிட்டது. உடைந்தவற்றைக் கிணற்றடியிலேயே மறுபடி பிசைந்து வைத்தார்கள். மாரியாத்தாள் தன் அடுப்பைத் தரையோடு பெயர்த்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மதியம் அதிலிருந்துதான் மற்றவர்கள் தணல் வாங்கினார்கள். வேலாத்தா சீப்போடு வந்து வெங்கடம்மாளின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் ஷேக் பரீத் வந்தபோது தகரத்துக்கு அடியில் ஒன்பது அடுப்புகள் கறுத்திருந்தன. எதையும் தொட்டுப் பார்க்காமல் எழுதினார். கடைசியில் சமையல்கட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதுல சாம்பலே இல்லை?"

"இங்க யாரும் ஆக்கறதில்லீங்க. அவங்கவங்க அவங்கவங்க அடுப்புல ஆக்கிக்கறாங்க."

"நீங்க?"

வெங்கடம்மாள் மூன்றாவது அடுப்பைப் பார்த்தாள். மாதம் பூராவும் காலையில் கருப்பட்டிக் காப்பியும் மத்தியானம் சோறும் மூன்றாவது அடுப்பிலிருந்துதான் அவள் அறைக்கு வந்தன. வேண்டாம் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள்.

"பழைய பொதுக் கார்டு இனிச் செல்லாதுங்க," என்றார் அவர், சங்கடத்தோடு. "நீங்க எந்த அடுப்புன்னு எழுதறது?"

"எங்க அடுப்புங்க," என்றாள் மாரியாத்தாள். கையில் அவளுடைய புதுக் கார்டு இருந்தது. நீட்டினாள். "இதுல மூணாவதாப் போட்டுக்கோங்க."

சுந்தரராஜுலு வீட்டில் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள் என்று வெங்கடம்மாளுக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லட்டும்.

ஷேக் பரீத் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. "என்ன ஒறவுமுறை?"

மாரியாத்தாள் யோசித்தாள். வெங்கடம்மாளும் யோசித்தாள்.

"எனக்குத் தலை சீவி உடறவங்க," என்றாள் வேலாத்தா.

"அது இந்தக் கட்டத்துல கொள்ளாதே கண்ணு," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, 'பெரியம்மா' என்று எழுதி, மை காய ஊதினார்.