உள்ளறையில் காய்ந்த துணிகள்

அலசிய துணிகளை வாளியில் போட்டுக்கொண்டு வந்தவன், முதல் வேலையாக ஜன்னல்களைச் சாத்தினான். வெளியே வெயில் கொளுத்தியது. அவனோ படுக்கையறைக்குள் குறுக்கே கட்டிய கொடியில் மனைவியின் வெள்ளைச் சீருடையை உதறிப் போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தான். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று கேட்காதீர்கள். நம் தெருவிலேயே தேடினால் நாலு பேர் அகப்படுவார்கள்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட, இனி வண்டியைத் தொடக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளத்தில்தான் இப்போது குடும்பம் ஓடியது.

முதலில் வேண்டா வெறுப்பாகத்தான் துடைப்பத்தை எடுத்தான். அப்புறம் என்ன மாயமோ, அந்த வேலை அவனைப் பிடித்துக்கொண்டது. கறுத்துக் கிடந்த பாத்திரத்தை முகம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, ஆளில்லாத வீட்டில் தனக்குத் தானே சிரித்துக்கொள்வான். மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று அழகு பார்ப்பான். பாவம், இந்தச் சந்தோஷத்தை வெளியே சொல்லத்தான் அவனுக்குத் தைரியமில்லை. கேட்டவர்களிடமெல்லாம் வேலைக்கு ஆள் வருவதாக அளந்து வைத்திருந்தான்.

அன்று மாலை மனைவி முகம் வாடி வந்தாள்.

"என்னம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"பெரிய நர்ஸ் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. டிரெஸ்ஸைத் துவைக்கிறியா இல்லையா, ஈர நாத்தம் அடிக்குதேன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களைக் குத்தம் சொல்லலைங்க. பிடிக்காத வேலையை உங்க தலையில கட்டிட்டேன். நாளையிலிருந்து நிஜமாவே ஒரு ஆள் வெச்சுக்கலாம். ஒரு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

அவனுக்குப் பகீரென்றது. லாரி வேலை போனபோது கூட இப்படி இருந்ததில்லை.

"ஆள் வேண்டாம். எனக்கு... இந்த வேலை பிடிச்சிருக்கு."

"என்னது?"

"துவைக்கிறது, தேய்க்கிறது, அடுக்கி வைக்கிறது எல்லாமே. நாலு பேர் பார்த்துச் சிரிப்பாங்கன்னுதான் உள்ளேயே காயப்போட்டேன்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பிடிச்ச வேலையை எதுக்குத் திருட்டுத்தனமா செய்யறீங்க? நான் வேலைக்குப் போறேனே, ஒளிஞ்சா போறேன்?"

மறுநாள் காலை அவன் வாளியோடு மொட்டை மாடிக்குப் போனான். பக்கத்து மாடியில் தையல்காரர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். ஊர் வம்பெல்லாம் அத்துப்படி என்பதால் அவருக்குத் தெருவில் 'ரேடியோ' என்றே பெயர்.

"என்ன தம்பி, வீட்டம்மா துணியெல்லாம் உங்க கையில? வேலையாள் நின்னுட்டாங்களா?"

கொடியில் நீண்ட கை ஒரு கணம் தயங்கியது.

"அப்படி யாருமே வரலைண்ணே. துவைச்சது நான்தான்."

"அட! ஆம்பளைக்கு இதுல வெக்கமா இல்ல?"

அவன் சீருடையை நன்றாக உதறி, சுருக்கம் நீவி, வெயில் படும்படி விரித்துப் போட்டான்.

"இருந்துச்சுண்ணே. ஆனா வெக்கப்பட்டவன் நான், அதுக்கு நாலு பேர் முன்னாடி தலை குனிஞ்சவ என் பொண்டாட்டி. என் வீட்டை நானே சுத்தமா வெச்சுக்கிறதுல அவ்வளவு நிம்மதி இருக்கு. அதுல ஆம்பள வேலை, பொம்பள வேலைன்னு எதுவும் கிடையாது. வீட்டு வேலை கேவலமில்லண்ணே, அதைக் கேவலம்னு நெனச்சு ஒளிச்சு வெச்சேன் பாருங்க, அதுதான் கேவலம்."