இழுப்புக் கூட்டு

தோட்டத் தொழிலாளர் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் இது என்று தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணி பரஞ்சோதி முழங்கினார். மைக் வேலை செய்யாததால் சரித்திரம் மூன்றாவது வரிசையோடு நின்றுவிட்டது. கடைசி பெஞ்சியில் இருந்த மருதம்மாளுக்கு அவருடைய டை ஆடுவது மட்டும் தெரிந்தது. விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த அலுப்பு, கண் சொருகியது.

விஷயம் இதுதான். பீடோங் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் அதுவரை மருந்து கொடுக்க ஒரு டிரஸ்ஸர் இருந்தார். தலைவலியோ வயிற்றுவலியோ, அவர் தரும் மருந்து ஒரே நிறம்தான். ஆனால் கேட்டபோதெல்லாம் தந்தார். எண்பத்து நாலில் நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டு இன்சூரன்ஸைக் கொண்டுவந்தது. இனி மாதாமாதம் சம்பளத்தில் கட்டணம் பிடிப்பார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. அதைக் காட்டினால் பீடோங் கிளினிக்கில் மருந்து கிடைக்கும், ஒரு வரம்பு வரைக்கும். மிச்சமிருந்தால் அடுத்த மாதத்துக்கு வராது. இதற்குப் பெயர் சீர்திருத்தம்.

மருதம்மாளின் புருஷன் பிச்சைக்கு மூச்சு இழுப்பு. மாதம் முடியுமுன்பே அவருடைய வரம்பு முடிந்துவிடும். மாத்திரை தீர்ந்த நாள்களில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். மருதம்மாளுக்கு அந்தத் தூக்கமும் இல்லை.

ஆபீசுக்குப் போய்க் கேட்டாள்.

“ஐயா, மாசக் கடைசியில அவரு மூச்சு விடாம இருக்கணுங்களா?”

“கம்பெனி ரூல்ஸ்மா. எதுக்கும் ஒரு லிமிட் வேணும்லா” என்றார் கிராணி.

“அது இழுப்புக்குத் தெரியலீங்களே.”

“பிச்சைய கொஞ்சம் கன்ட்ரோலா இருக்கச் சொல்லு.”

வழி சொன்னவள் பக்கத்து வீட்டு நவமணி. லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் சேர்ந்து போடும் மாதச் சீட்டுக்கு அங்கே கூட்டு என்று பெயர்.

“எனக்கு ஒரு சீக்கும் இல்ல. மாசம் பொறந்தா சம்பளத்துல டுவிட்ட மட்டும் புடிச்சிர்றான். கார்டு சும்மாதானேக்கா கெடக்கு? கூட்டு புடிக்கிற மாதிரி புடிப்போம். மாசம் ஒருத்திக்கு இழுப்பு. வாங்கியாந்து அண்ணன்கிட்ட குடுத்துருவோம்.”

பதிலுக்கு, அந்த மாதம் இழுக்கிறவளுடைய மர நிரையில் பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கொடுப்பது மருதம்மாளின் பொறுப்பு. தன் நிரையையே முடிக்க முடியாமல் இடுப்பொடிந்து வருகிறவள் அதற்கும் தலையாட்டினாள்.

பயிற்சி கொடுத்தவர் பிச்சை.

“நவமணி, இது இழுப்பு இல்லம்மா. நாய் எளைக்கிறது.”

“எல்லாம் ஒண்ணுதாண்ணே.”

“ஒண்ணா? நெஞ்சுக்குள்ள விசிலு கேக்கணும். இந்தா, பாரு” என்று செய்து காட்டப்போய் நிறுத்த முடியாமல் அரை மணி நேரம் இழுத்தார்.

நவமணி தேறினாள். அடுத்த மாதம் புஷ்பவள்ளி. கூட்டு நன்றாக நடப்பதைப் பார்த்து மேட்டு லயத்தில் முட்டிவலிக் கூட்டும், பள்ளத்து லயத்தில் வயிற்றுப்புண் கூட்டும் கிளம்பின. பிச்சை சில மாதம் படுத்துத் தூங்கினார்.

பிறகு ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணி முடித்ததும், கிராணி தொண்டையைச் செருமினார். கட்டணம் உயர்கிறது. தோட்டத்தில் நோய் பரவுவதாகக் கம்பெனி கவலைப்படுகிறதாம், காற்று சரியில்லையாம். வரம்பைப் பற்றிக் கம்பெனி ஏதும் கவலைப்படவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். மருதம்மாள்தான் அதிகச் சத்தமாக முணுமுணுத்தாள்.

அந்த மாத முறை அகத்தாவுக்கு.

“பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கெழம பூசையில எப்படிக்கா நன்மை வாங்குறது?”

“வெள்ளிக்கெழம இழு. சனிக்கெழம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிரு. ஞாயித்துக்கெழம சுத்தமாயிருவேல்லா” என்றாள் மருதம்மாள். வீட்டில் ஒரு மாத்திரைகூட இல்லை. வேதம் பேச அவளுக்குத் தெம்பும் இல்லை.

அகத்தா போனாள். மத்தியானப் பஸ்ஸில் வரவில்லை. சாயங்காலப் பஸ்ஸில் வந்தாள். உள்ளே பிச்சை இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. மருதம்மாள் கையை நீட்டிக்கொண்டே எதிரே போனாள்.

அகத்தா பொட்டலத்தைத் தரவில்லை.

“அக்கா, நான் இன்னும் ஆரம்பிக்கவேயில்ல. மூச்ச விடுன்னாரு டாக்டரு, விட்டேன். முதுகுல கொழாய வச்சவரு எடுக்கவே மாட்டேங்குறாரு. எத்தன வருசமா இருக்குன்னு கேக்குறாரு. மேட்டு நிரையில ஏறுறப்ப நெஞ்சு அடைக்கும்ல, அத நான் களைப்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். இழுப்பாம்க்கா. நெசமான இழுப்பு. மாத்திரைய தவறாம போடணுமாம்.”

உட்காரு என்று சொல்லலாம். ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுக்கலாம். மருதம்மாள் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்புட்டும் உனக்கேவா வேணும்?” என்று கேட்டாள்.

அகத்தா தலையாட்டினாள்.

மருதம்மாள் இன்னொரு தடவையும் கேட்டாள்.