இடுப்பில் செருகிய ஃபியூஸ் கட்டை

அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒருவர் வீட்டுக்காரர். இன்னொருவன் அவருடைய மனைவியின் தம்பி, வயரிங் வேலை பார்ப்பவன். இருவருக்கும் நடுவில் பேச்சைச் சுமந்துகொண்டு அலைந்தவள் அக்கா. அவளைப் பார்த்து உச்சுக்கொட்ட ஊர்ப்பட்ட சொந்தம் உண்டு, சுமையை இறக்கிவைக்கத்தான் ஒருத்தரும் இல்லை.

சண்டைக்குக் காரணம் தோட்டத்துக் குழாய்க்குப் பக்கத்திலிருந்த ஒரு பிளக் பாயிண்ட். வீட்டுக்காரர் தன் கையாலேயே மாட்டியது. மச்சான் வயரிங்காரனாக இருக்கும்போது அவனைக் கூப்பிடாமல், ஹால் மின்விசிறிக்குப் போகும் லைனிலிருந்து வயரைப் பிரித்து, சுவரில் ஓட்டை போட்டு, முழங்கால் உயரத்தில் அறைக்குள் மாட்டுகிற சாதாரண சாக்கெட் ஒன்றை மாட்டினார். மழைக்கு மூடியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிக் கவிழ்த்தார். அதோடு விட்டாரா? வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நாள் சொந்தக்காரர்கள் சூழ நின்றபோதுதான் தம்பி வந்து சேர்ந்தான். குனிந்து பார்த்தான்.

"கொலை பண்றவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான் மாமா" என்றான்.

எல்லாரும் சிரித்துத் தொலைத்தார்கள். அன்றைக்கு அறுந்த பேச்சு வருடக்கணக்காக அறுந்தே கிடந்தது. தம்பி சொன்னது சரி என்பது அக்காவுக்குத் தெரியும். அதைச் சொன்ன விதம் சரியில்லை என்பதும் தெரியும். யாரிடம் சொல்ல?

போன வாரம் அவள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் நனைந்திருந்தது. குழாயை மூடப் போனவளைக் கரண்ட் தூக்கி எறிந்தது. முழங்கை வீங்கிப்போய் உள்ளே வந்தவளைப் பார்த்து வீட்டுக்காரர் கேட்டார்: "ஈரக் கையோட உன்னை யாரு அங்க போகச் சொன்னா?" அந்தக் கேள்வியில் அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று. தம்பிக்குப் போன் போட்டாள்.

இன்று காலை அவன் பையோடு வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவைச் செருப்பு ஸ்டாண்டைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

"அக்கா, தோட்டத்து லைன் எந்த ஃபியூஸ்ல இருந்து போகுதுன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு."

நாலடி தள்ளித்தான் அவர் இருந்தார். இருந்தாலும் அவள் திரும்பிக் கேட்டாள்.

"ஹால் ஃபியூஸ்னு உன் அருமைத் தம்பிகிட்ட சொல்லு. பெரிய வேலைக்காரன், இதுகூடவா தெரியாது?"

தம்பி மெயினை அணைத்தான். ஹால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துவிட்டு மெயினை மறுபடி போட்டான். அந்தப் பீங்கான் கட்டையை அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"மெயினை அணைச்சு வச்சா யாராவது தெரியாம போட்டுருவாங்க. கட்டை உன்கிட்ட இருந்தா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் கேக்கற வரைக்கும் யாருக்கும் குடுக்காத. கடவுளே வந்து கேட்டாலும் குடுக்காத."

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

தம்பி பழைய சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். அதன் விளக்கு எரியவில்லை, கரண்ட் இல்லை. குழாயிலிருந்து தள்ளி, சன்ஷேடுக்கு அடியில், நெஞ்சு உயரத்தில் புது இடம் குறித்தான். மூடி போட்ட பெட்டி, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் எல்லாம் கொண்டுவந்திருந்தான். உளியும் சுத்தியலுமாகச் சுவரைக் கொத்த ஆரம்பித்தான்.

உள்ளே மின்விசிறி நின்றுபோனதில் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு அடியும் அவர் மண்டையில் விழுவது போல முகம் சுளித்தார்.

"ஒரு சாக்கெட்டை மாத்த இவ்வளவு நேரமா? என்னை வேக வைக்கணும்னே பண்றான். அந்தக் கட்டையைக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"யாரு வீடுடி இது?"

"உங்க வீடுதான். உயிர் அவனோடது."

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படி எதிர்த்துப் பேசியதில்லை. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் நின்றது. வேர்த்திருப்பான் என்று அவள் தம்பிக்குச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதன் அடியில் சட்டையைக் கழற்றிப்போட்டுச் சாய்ந்திருந்தார்.

"சத்தம்தான் நின்னுபோச்சே, முடிச்சிருப்பான். நீ குடுக்கலைன்னா எனக்கு வழி தெரியாதா? கட்டை இருந்த இடத்துல ஒரு துண்டுக் கம்பி போதும்."

அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. கட்டை அங்கேயே இருந்தது. சொம்பு நழுவிக் கீழே விழுந்தது. கொத்தும்போது ஒன்றுமில்லை, சத்தம் நின்ற பிறகுதான் தம்பி வயரைக் கையில் பிடிப்பான். இடுப்பைப் பிடித்தபடி தோட்டத்துப் பக்கம் பார்த்தாள்.

வீட்டுக்காரர் அவள் கையைப் பார்த்தார். தலைக்கு மேலே பார்த்தார். அந்த லைனைப் பிரித்து வெளியே கொண்டுபோனவர் அவரேதான். முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

"டேய் மாப்ள! கையை எடுடா! தொடாதடா!"

அவள் ஓடிப்போய் மெயினை இழுத்து அணைத்தாள். வெளியே சத்தமே இல்லை. தம்பியின் உயிர் போய்விட்டது என்றே நினைத்தாள்.

"அக்கா" என்று வந்தது குரல். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. வயரைத் தொடறதுக்கு முன்னாடி நான் எப்பவும் இன்னொரு தடவை டெஸ்டர் வச்சுப் பாப்பேன். எரிஞ்சுது."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். போர்டிலிருந்த கம்பித் துண்டைப் பிடுங்கி எறிந்தாள். இடுப்பிலிருந்த கட்டையை எடுத்துக் கணவனின் கையில் திணித்தாள்.

"நான் எதையும் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க. அவன் பேச்சை உங்ககிட்டயும் உங்க பேச்சை அவன்கிட்டயும் சுமந்ததெல்லாம் இன்னையோட போதும்."

வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் தோட்டத்துக்குப் போனார். உச்சி வெயில். கட்டையை நீட்டியபடி நின்றார். தம்பி அதை வாங்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, அதைக் கையிலயே வச்சுக்கிட்டு என் கண்ணு முன்னால நில்லுங்க. வேலை முடியற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது."

அவர் நகரவில்லை.

உள்ளே, நின்றுபோன மின்விசிறிக்கு அடியில் அக்கா உட்கார்ந்தாள். வேர்த்துக் கொட்டியது. தோட்டத்தில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் திட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவளை யாரும் கூப்பிடவில்லை.