கறுப்பில் மட்டும்

லாரி ஓட்டிய முப்பத்தோரு வருஷமும் இறக்கம் வந்தால் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடித்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு மகள் ஒரு பிரிண்டரை வாங்கி அனுப்பினாள். அவளுக்கு வெளியூரில் வேலை. தன் அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை அங்கிருந்து போனில் அனுப்புவாள். நான் இங்கே அச்செடுத்து வைக்க வேண்டும்.

பிரிண்டர் விற்கிறவன் சம்பாதிப்பதே மையில்தான். பாதி மை இருக்கும்போதே தீரப்போகிறது என்று மெஷின் விளக்கை மினுக்கும். அதை நான் நம்பியதே இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டுவந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன். கலர் கிடையாது, கறுப்பு மட்டும். டிராஃப்ட் என்று ஒன்று உண்டு. எழுத்து வெளிறித்தான் வரும், ஆனால் மை பாதிதான் போகும், தாளும் சடசடவென்று வந்து விழும். ஒரே தாளில் இரண்டு பக்கத்தைச் சுருக்கிப் பொடி எழுத்தில் அடித்துவிடும்.

"இதென்னங்க, எறும்புக்கு எழுதின லெட்டரா?" என்பாள் வீட்டுக்காரி.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படி."

அவளுக்கு இதயக் கோளாறு. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. போன மாதம் மகள் லீவு போட்டு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் வெளியே நின்றுகொண்டேன். டாக்டர் பேச்சு எனக்கு ஆகாது.

ஊருக்குப் போன கையோடு மகள் மாத்திரைப் பட்டியல் அனுப்பினாள். எனக்குப் படிப்பு கம்மி என்று கட்டம் கட்டிக் கலர் அடித்திருந்தாளாம். நான் திறந்துகூடப் பார்க்காமல் பட்டனை அமுக்கினேன். பதினொரு கட்டமும் ஒரே சாம்பலாக வந்து விழுந்தன.

போன் வந்தது.

"வந்துடுச்சாப்பா? கலரெல்லாம் தெரியுதா? அதைப் பார்த்துத்தான் குடுக்கணும்."

கறுப்பில் எடுத்தேன் என்றால் கஞ்சப்பிசினாரி என்று அரை மணி நேரம் பாட்டு விழும். கலர் அழகுக்குத்தானே.

"பளிச்சுன்னு இருக்கும்மா" என்றேன்.

அன்றைக்கே வீட்டுக்காரி கேட்டாள். "இந்தப் பழைய ரத்த மாத்திரையை மாத்திட்டதாச் சொன்னாரே டாக்டர்?"

"பட்டியல்ல இருக்கு. முழுங்கு."

புதிதையும் கொடுத்தேன், பழையதையும் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டிருப்பாய் என்றேன். மறுநாள் சமையலறையில் விழுந்து கிடந்தாள்.

மூளைக்குள் ரத்தக் கசிவு. என்னென்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். அதற்குள் வந்துவிட்ட மகள் அதைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"சிவப்புக் கட்டம் எங்கப்பா?"

நான் சாம்பல் கட்டங்களைக் காட்டினேன்.

"சிவப்புன்னா நிறுத்தணும், பச்சைன்னா குடுக்கணும். லாரி ஓட்டின ஆளு, சிக்னல் மாதிரிப் போட்டா புரியும்னு நினைச்சேன். பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னியேப்பா!"

உயிர் மிஞ்சியது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

வீட்டுக்கு வந்ததும் மகள் புதுப் பட்டியலைக் கலரில் எடுக்க உட்கார்ந்தாள். பத்து மாதமாகத் தொடாத கலர் மை உள்ளேயே காய்ந்து அடைத்துக் கிடந்தது. மெஷினில் மூன்று தடவை சுத்தம் செய்து பார்த்தும் சிவப்புக் கட்டம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே வந்தது. கடைசியில் ஸ்கெட்ச் பேனாவால் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்று காலை எட்டு மணி மாத்திரையை நான்தான் எடுத்துப் போனேன். பச்சைக் கட்டத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான். "வாயைத் திற" என்றேன். அவள் மாத்திரையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

கதவருகில் நின்ற மகள், "முழுங்கும்மா, நான் பார்த்துட்டேன்" என்ற பிறகுதான் வாயைத் திறந்தாள்.