மெஷினை ஸ்டார்ட் பண்ணுங்கோ

எங்கள் வீட்டில் மெஷின் என்றால் தையல் மெஷின்தான். தாராவியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். கீழே செல்வம் அண்ணனின் கார்கானா, சட்டை தைக்கும் பட்டறை. ஏணியில் ஏறினால் மேலே நான். கீழே மெஷின் ஓடினால் மேலே என் டீ டம்ளர் தானாக நகரும்.

எனக்குக் கண் தெரியாது. காது தேவைக்கு மேலேயே கேட்கும். கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதை ஸ்க்ரீன் ரீடர் எனக்கு வாசித்துச் சொல்லும். அதை வைத்துக்கொண்டு வேலை தேடப் போனால், "பாவம், நீ எப்படிம்மா செய்வே?" என்று இரண்டு கம்பெனிக்காரர்கள் அன்பாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது மாட்டுங்காவில் மூன்றாவது கம்பெனி. வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் புகார்களைப் பதியும் வேலை. இதுவும் போனால் காலமெல்லாம் அண்ணனுக்குச் சட்டை மடித்துக் கவரில் போட வேண்டியதுதான். சட்டை மடிப்பது என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கம்பெனியின் மென்பொருள் பழைய விண்டோசில்தான் ஓடும். அதனால் என் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உள்வாடகைக்கு வைத்திருக்கிறேன். வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். வெளியே ஒரு ஸ்க்ரீன் ரீடர், பெண்குரல். உள்ளே ஒன்று, ஆண்குரல். வெளியே இருப்பவளைத் தூங்க வைக்காமல் உள்ளே போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருநாள் அதைக் கேட்ட அண்ணனின் மனைவி பேராச்சி மதினி, "இந்தப் புருஷன் பொண்டாட்டிக்கு வேற சோலியே இல்லையாக்கும்?" என்றாள்.

லேப்டாப் நாகூர் கனி அண்ணனின் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதில் ஒரு குறை உண்டு. எனக்கு அது குறையே இல்லை.

கடைசிச் சுற்றுப் பரீட்சைக்கு முன்னால் அண்ணனிடம் கெஞ்சினேன். "பரீட்சை முடியுத வரைக்கும் மெஷினை நிப்பாட்டுண்ணே."

"ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் நிக்குதுட்டி. பரீட்சை வைக்குத மேடம் சரின்னதும் ஓட்டிருவேன், பாத்துக்கோ."

எங்கள் சந்துக்குள் டவர் கிடைக்காது. வைஃபையில்தான் வீடியோ கால். ஸ்பீக்கரைப் போட்டு, காமிரா என் கைகளைப் பார்க்கும்படி போனைச் சாய்த்து வைத்தேன். மறுமுனையில் கம்பெனி அதிகாரி ஷ்ருதி.

"ஹெட்போன் வேண்டாம். அது என்ன பேசறதுன்னு நானும் கேக்கணும். ரெடியா? சரி, மெஷினை ஸ்டார்ட் பண்ணுங்கோ."

நான் என் மெஷினை ஸ்டார்ட் பண்ணினேன். கீழே அண்ணன் தன் மெஷின்கள் அத்தனையையும் ஸ்டார்ட் பண்ணினான்.

வீடே அதிர்ந்தது. உள்ளே இருப்பவன் ஏதோ வாசித்தான், ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை.

"நிப்பாட்டு!" என்று கத்தினேன்.

"ஏன் நிறுத்தச் சொல்றேள்? இப்பதானே ஸ்டார்ட் பண்ணினேள்?" என்றாள் ஷ்ருதி.

"உங்கள இல்ல மேடம்!"

"மேடமேதான் ஓட்டச் சொன்னாவ!" என்றான் அண்ணன் கீழேயிருந்து.

பதற்றத்தில் எந்த பட்டனைத் தட்டினேனோ, வெளியே இருப்பவளும் விழித்துக்கொண்டாள். புருஷன், பொண்டாட்டி, ஷ்ருதி, அண்ணன், மெஷின்கள்.

"மதினி! எல்லாத்தையும் நிப்பாட்டுங்க!"

மதினி சொன்னதைச் செய்கிறவள். மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். மெஷின் நின்றது, ஃபேன் நின்றது, வைஃபை நின்றது. ஷ்ருதி "விஜய..." என்று என் பெயரைப் பாதி சொன்னதோடு போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தேன். அப்போது பெண்குரலுக்கு நடுவே ஆண்குரல் நிதானமாகச் சொன்னது: "வாடிக்கையாளர் பெயர். காலி."

அவனுக்கு வைஃபை எதற்கு? பேட்டரி இருக்கிறவரை அவன் உள்ளேதான் இருப்பான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தூங்க வைத்துவிட்டு உள்ளே போனேன். பரீட்சைக்கென்று ஏற்கெனவே உள்ளே வந்திருந்த புகாரில், யாரோ ஒருவர் வாங்கிய புது மிக்சி ரொம்பச் சத்தம் போடுகிறதாம். அவர்மேல் எனக்கு மிகுந்த அனுதாபம் பிறந்தது. புகாரை முழுதாகப் பதிந்தேன்.

மதினி சுவிட்சை ஏற்றினாள். வைஃபை வந்ததும் புகார் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. ஷ்ருதியும் திரும்பி வந்தாள்.

"எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா..." குரல் அன்பாகிவிட்டது. எனக்கு அந்த அன்பு நன்றாகத் தெரியும். "தப்பா நெனைச்சுக்காதீங்கோ. லைன் கட் ஆனப்போ யாராவது பக்கத்துல இருந்து பாத்துச் சொன்னாளா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள் அண்ணன் மேலே வந்து, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் பக்கத்தில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். போனை லேப்டாப் பக்கம் திருப்பினேன்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு மேடத்துக்குப் படிச்சுச் சொல்லு."

"என்னத்தப் படிக்க? நாகூர் கனிட்ட வாங்கையிலேயே ஸ்க்ரீன் செத்துப்போன சாமான்லா இது! கன்னங்கரேல்னு கெடக்கு மேடம்."

மறுமுனையில் ஷ்ருதி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அன்பு துளியும் இல்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்குச் சேர்ந்துடுங்கோ. கார்த்தால கரெக்டா மெஷினை ஸ்டார்ட் பண்ணிடுங்கோ."

அண்ணன் விறுவிறுவென்று ஏணியை நோக்கி நடந்தான். கையை நீட்டி அவன் சட்டையை இறுகப் பிடித்தேன்.

"நில்லுண்ணே. மேடம் சொன்னது என் மெஷின."