கடல் பக்கத்து இருக்கை

...இதோ, மறுபடியும் அந்தக் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கிற கால், வளைவு வருவதற்கு முன்பே அவர் செருப்பு தரையை அழுத்துகிறது, இந்தப் பக்கம் நானும் மிதிக்கிறேன், ஆக இந்தக் காருக்கு இன்று இரண்டு டிரைவர்கள், வாய்தான் ஒருவருக்கும் இல்லை. மிதியுங்கள், நன்றாக மிதியுங்கள், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. காலையில் மகள் சாவியை என் கையில் திணித்து, "தீவை ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு வாம்மா, அப்பா பேசுவாரு" என்றாள். எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான், இந்த வயதில் அம்மாவுக்கு கிளட்ச் பழக்க எவளுக்குப் பொறுமை இருக்கும், நன்றாக இருக்கட்டும். ஆனால் பேசுவாரா? வலது கண் மங்கிப்போய், பணிமனையில் பேருந்துச் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட நாளிலிருந்து "ம்", "வேண்டாம்", "தூங்கு"... இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறேன். சண்டைக்காவது வரக்கூடாதா இந்த மனிதர்? அந்தக் குரல் இனிமேல் இல்லையென்றே ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு, அதைச் சொல்லி அழவும் வீட்டில் இடமில்லை.

தென்னந்தோப்பு முடிந்து கடல் திறக்கிறது, இடப்பக்கம், எப்போதும் இடப்பக்கம்தான், பேருந்து ஒரே திசையில் அல்லவா சுற்றும். அப்படியானால் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவருக்கு இத்தனை வருடமும் கிடைத்தது பாறையும் மண்சரிவும் 'ஒலி எழுப்பவும்' பலகையும்தானா... அட, இதை இப்போதுதான் யோசிக்கிறேனா? விடுதியில் படுக்கை விரிக்கும் வேலைக்கு நானும் இவர் பேருந்தில்தான் போனேன், கடைசி வரிசையில், ஜன்னலோரம், கடலைப் பார்த்தபடி. முன்னால் உட்காரக் கூடாது என்று இவர் உத்தரவு, பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் கவனம் சிதறுமாம், அதைக் கேட்டு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே தலையணை உறை மாட்டினேன். இன்றைக்குக் கடல் பக்கம் அவர். பார்த்தாரா? இல்லை, சாலையையே பார்க்கிறார், கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் கடல் என்ன கடித்தா வைக்கும்? கலங்கரை விளக்கம், சிவப்புத் திண்டு, நிழற்கூரை... நான் ஏன் ஓரம் கட்டுகிறேன்? ஐயோ, நிறுத்திவிட்டேன். இந்தச் சாலையைப் பேருந்தில் போய்த்தானே கற்றேன், நிறுத்தம் வந்தால் நிற்க வேண்டும் என்று என் காலுக்குள் ஊறியிருக்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார். அதற்குள் பின்கதவு திறந்து ஒரு பெரிய மூட்டை உள்ளே விழுகிறது, அதன் பின்னால் விடுதிகளுக்குத் திரைச்சீலை தைத்துக்கொடுக்கும் அம்மா, மூச்சு வாங்க.

"இன்னிக்கு லேட்டு போல, டிரைவரண்ணே?" கேட்டுவிட்டுத்தான் சுற்றிப் பார்க்கிறாள். "ஐயையோ, இது காரு! உங்க மூஞ்சியப் பாத்ததும் ஏறிட்டேண்ணே!" இறங்கப் போகிறாள், எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது, பேருந்தை நினைவுபடுத்திவிட்டேனே, இனி அந்த மூன்று சொல்லும் போய்விடுமே... "உக்காரும்மா, உக்காரு. ஏறினவங்கள நான் எப்ப எறக்கிவிட்டிருக்கேன்? எங்க எறங்கணும்?" யார் பேசியது? எவ்வளவு கலகலப்பான குரல் இது, கடைசி வரிசைக்கு எஞ்சின் இரைச்சல்தானே வந்து சேரும், எனக்கு எப்படித் தெரியும்? பெரியவள் பரீட்சை என்ன ஆயிற்று, முழங்கால் வலி விட்டதா, எல்லாம் கேட்கிறார், பாஸாயிட்டாண்ணே என்று அவள் சொன்னதும் தொடையில் தட்டிக்கொள்கிறார். புது டிரைவர் வளைவில் ஹாரனே அடிப்பதில்லையாம், இவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போகிறாளாம். "அக்கா எப்படிண்ணே ஓட்டுறாங்க?" "பரவால்ல. கிளட்ச்லயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுறா. சொன்னா கோவம் வரும்." எனக்குக் கோபம் வருமாம்! வரட்டுமே, ஐயா, தினமும் வரட்டுமே, காலை எடுத்துவிட்டேன், பாருங்கள்... சாலை கலங்கித் தெரிகிறது, இப்போது அழுதால் மூன்று பேரும் கடலில்தான். விடுதி வாசலில் மூட்டையோடு அவள் இறங்கினாள். "நீங்க இல்லாம பஸ்ஸு பஸ்ஸு மாதிரியே இல்லண்ணே" என்றாள். முகம் தெரியுமே தவிர நான் பேசிப் பழகாத பெண், அவள் தலை மறையும்வரை மனதுக்குள் கும்பிட்டேன்.

அதன் பிறகு அவர் கண்ணாடியை இறக்கினார், காற்று உள்ளே வந்தது. "பச்சையா இருக்கு," என்றார், "நீலம்னு நெனச்சிருந்தேன்." நான் திரும்பிப் பார்க்கவில்லை, வளைவு. இன்றைக்கு முழுச் சுற்றில் நான் கடலை நிதானமாகப் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, பார்க்காமலே நிறைவாக இருந்தது, யாருக்கு நன்றி சொல்வது, மகளுக்கா, அந்த அம்மாவுக்கா, பிடிவாதமாக நிறுத்திய என் காலுக்கா... வீட்டுக்குத் திரும்பும் முனை வந்துவிட்டது, இண்டிகேட்டரைப் போட்டேன். "எங்க எறங்கணும்மா?" என்கிறார். அதே குரல், சிரிப்போடு, எனக்கு. ஏறியவர்களுக்கு மட்டும் கொடுத்துவந்த குரல். வீடு என்று சொன்னால் இதோடு இறங்கிவிடுவேனோ? இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது, பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான், இவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்...