ஓட்டை போட்ட பூட்டு

1

இந்தக் கதை என் மேசை மேல் கொட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கொட்டியது.

அன்று சனிக்கிழமை. ரங்கூனில், தின்கன்ஜூன் வட்டாரத்து எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வெளியே மழை. அதற்கு மேல் அவளை என்ன செய்யச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளும் பாவம், மூன்று நாளாக நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது என் அண்ணன் மனைவி உஸ்மா மச்சி உள்ளே வந்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை. பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டை எடுத்து நேராக என் காகிதங்களின் மேல் வைத்தார். திருப்புளியால் பின்தகட்டை நெம்பினார். உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில், மீன் நாற்றத்தோடு, குபுக்கென்று தண்ணீர் வந்தது.

“பாத்தியா ஜஸீலா? நான் திறக்கிற வரைக்கும் ஒரு சொட்டு வெளிய வரலை. அவ்வளவு நல்ல ரப்பர்.”

என் கதாநாயகி மை கரைந்து ஒழுகிப் போனாள். மச்சியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் திரிந்தவர் இப்படிச் சிரிக்கிறார் என்றால், இதில் ஒரு கதை இருக்கிறது. என் காதல் கதையில் அது இல்லை.

2

தொடக்கத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

“தாகேதாவில் கால்வாயை ஒட்டிய அந்தப் பட்டறையில் தீப்பொறிகள் பூக்களைப் போல…” (வேண்டாம். எந்தப் பட்டறையைப் பற்றி எழுதினாலும் தீப்பொறி பூவாகிவிடுகிறது.)

“உஸ்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பூட்டுகள் மீது…” (பொய். சின்ன வயதில் அவருக்குப் பூப்பந்து மீதுதான் ஆசை. டிப்ளமோ முடித்தபோது கிடைத்த வேலை இது, அவ்வளவுதான். ஆசை பிறகு வந்தது.)

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். உஸ்மா, தாகேதாவில் ஜுல்ஃபிகர் காக்கா* நடத்தும் பட்டறையில் லாரிகளுக்குப் பெட்டி வடிவமைக்கிறார். மீன், ஐஸ், கறிக்கோழி ஏற்றுகிற மூடிய பெட்டிகள். அந்தப் பெட்டிக் கதவுக்கு ஒரு பூட்டு வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருக்கிற கைப்பிடி எங்கள் ஊருக்கு ஆகாது. சந்தைச் சந்துகளில் லாரியும் லாரியும் உரசிப் போகும். படகுத்துறையில் வலை மாட்டும். ஒரே வாரத்தில் கைப்பிடி ஒடிந்துவிடும். அதனால் கதவுக்குள்ளேயே பதிந்து, தகட்டோடு தகடாக, சமதளமாக உட்காருகிற பூட்டு. சோப்பு டப்பா மாதிரி ஒரு குழி, குழிக்குள் மடங்கிக் கிடக்கும் கைப்பிடி. விரலை விட்டு இழுத்தால் திறக்கும்.

குழி என்றாலே தண்ணீர் நிற்கும். மழை மாதங்களில் எங்கள் வானம் வேறு வேலையே செய்வதில்லை. கடையில் விற்கிற பூட்டுகள் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். இறுகாத ஒன்றைச் செய்ய வேண்டும். அதுதான் மச்சியின் வேலை.

(* வெளியூர் வாசகருக்கு: இது பறவை இல்லை. எங்கள் முஸ்லிம் வீடுகளில் மூத்த ஆணைக் காக்கா என்போம். அண்ணன் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.)

3

இதெல்லாம் பூட்டு விவகாரம் மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். ராணியக்கா இருக்கிறார்.

ராணியக்கா, ரங்கூனுக்கு வெளியே ஆற்றோரத்தில் இருக்கிற கியாக்தான்காரர். துறையில் மீனும் இறாலும் எடுத்து ரங்கூன் சந்தைகளுக்கு அனுப்புகிறவர். ஊரில் எல்லோருக்கும் ‘மா ராணி’; பர்மிய மொழியில் ‘மா’ என்றால் அக்கா. அவர் குரல் எழும்பினால் படகில் இருக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். போன வருஷ மழையில், லாரிப் பெட்டிக்குள் ஏறிக் கூடைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கிற பிடி துருவில் இறுகியிருந்தது. தட்டினார், கத்தினார். பெட்டியின் கூரையில் மழை அறைகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஐஸுக்கு நடுவில், இருட்டில், அவர் கிடந்தார். டிரைவர் எதிர்க்கடையில் நிதானமாக மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்து திறந்தபோது அவருடைய விரல் முட்டிகள் எல்லாம் தோல் உரிந்திருந்தன.

அதன்பிறகு ராணியக்கா எந்தப் பெட்டிக்குள்ளும் ஏறவில்லை. வெளியே நின்றே வேலை வாங்குவார்.

இந்த வருஷம் அவர் தாகேதா பட்டறைக்கு வந்து, தன் வண்டிகளுக்கெல்லாம் புதுப் பெட்டி கட்ட வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பூட்டைச் செய்கிறவர் யாரோ அவர் முதலில் உள்ளே போய், சாத்திய கதவைத் தானே திறந்து வர வேண்டும். பாதி மழைக்காலம் லாரியில் ஓடி முடிந்த பூட்டாக இருக்க வேண்டும். வெளியேயிருந்து யாரும் உதவக் கூடாது.

ஜுல்ஃபிகர் காக்கா அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். உஸ்மா சிரிக்கவில்லை. ராணியக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

இப்போது என் மேசையில் கிடந்த பூட்டு புரிந்திருக்கும். அது முதல் மாதிரி. சுற்றிலும் ரப்பர் வைத்து, காற்றுகூடப் புகாதபடி மூடியது. பட்டறையில் நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ராணியக்காவின் பழைய லாரி ஒன்றில் மாட்டினார்கள். மழை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஃபோன் வந்தது: பூட்டு இறுகுகிறது. மச்சி போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். வழியில் பஸ்ஸில் அதை ஆட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே களக் களக் என்று சத்தம். அங்கேயே அவருக்கு என்னவோ தோன்றியிருக்கிறது.

“வெளிய வர வழியில்லாத தண்ணி உள்ள எப்படிப் போச்சு?” என்றார் என்னிடம்.

எனக்கு எப்படித் தெரியும். அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, சமையலறைக்கு ஓடிவிட்டார்.

(இந்த இடத்தில் என் அண்ணன் கபீரை எதிரியாக்கலாமா என்று யோசித்தேன். “வீட்டுக்குள் மீன்நாற்றப் பூட்டா?” என்று கத்துகிற புருஷன். கதைக்குச் சூடு ஏறும். ஆனால் அண்ணன் செய்தது, சாயங்காலம் ஃபலூதா போட வாங்கி வைத்திருந்த ஐஸ் முழுவதையும் வாளியில் கொட்டிக் கொடுத்ததுதான். இப்படிப்பட்ட ஆளை எழுதுவது கஷ்டம். அப்படியே விட்டுவிட்டேன்.)

பையில் இன்னொரு பூட்டு இருந்தது, புதிது, உலர்ந்தது. அதைச் சூடான தோசைக்கல்லின் ஓரத்தில் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு ஐஸ் தண்ணீருக்குள் அமுக்கினார். எடுத்தார், துடைத்தார், திறந்தார். உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர்.

“உறிஞ்சுது,” என்றார். “ஜஸீலா, அது உறிஞ்சுது.”

லாரி வெயிலில் நிற்கும்போது பூட்டுக்குள் இருக்கும் காற்று சூடேறிப் பெருத்து, ரப்பரை விலக்கிக்கொண்டு வெளியே கசிகிறது. துறையில் ஐஸ் ஏற்றியதும் மீதிக் காற்று சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப, குழியில் நிற்கிற மீன்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. போனது திரும்பி வர ரப்பர் விடுவதில்லை. எவ்வளவு நன்றாக மூடினாரோ அவ்வளவு நன்றாகத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

தான் செய்தது தவறு என்று இவ்வளவு குதூகலமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. அன்று எங்களுக்கு ஐஸ் இல்லாத ஃபலூதா. அண்ணன் அதையும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்.

5

அடுத்த வாரம் உஸ்மா பூட்டின் அடியில் ஓட்டை போட்டார்.

நானும் தாகேதாவுக்குக் கூடப் போயிருந்தேன். (கதை என்று ஆன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?) ஜுல்ஃபிகர் காக்கா பூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணி போகாத பூட்டு வேணும்னு ஊரே கேக்குது. நீ ஓட்டை போட்டுக் கொண்டாந்திருக்கே.”

“தண்ணி வரட்டும் காக்கா. வந்தா போயிடணும். நின்னாத்தான் துரு.”

முதல் வரைவில் இந்தக் காக்காவை நான் வில்லனாக்கியிருந்தேன். பணமே குறியான முதலாளி, பெண் சொல்வதைக் கேட்காதவர், தங்கப்பல்கூட வைத்தேன். மச்சி வாசித்துவிட்டு, “அவருக்கு ஏது தங்கப்பல்?” என்று கேட்டார். உண்மையில் காக்காவுக்கு இருந்தது பயம். பூட்டு இறுகிய லாரிக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்பது அவர் முன்னால்தான். அந்தப் பயம் உஸ்மாவுக்கும் இருந்தது, அதனால் அவருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாக விளக்கினார். குழியும் கைப்பிடியும் நனையலாம். ஸ்பிரிங்கும், கதவைப் பிடிக்கிற நாக்கும் ஒரு தடுப்புச் சுவருக்குப் பின்னால், மேட்டில் இருக்கும். ஓட்டை கீழே பார்த்து, சுற்றிலும் ஒரு சிறு விளிம்போடு. குழாயால் பீய்ச்சினாலும் மேலே ஏறாது. உள்பக்கத்துப் பிடி தனித் தண்டில். வெளிப்பிடி செத்தே போனாலும் உள்பிடி வேலை செய்யும்.

காக்கா பூட்டை நிமிர்த்திப் பிடித்தார். கையில் இருந்த ஆறிப்போன டீயைக் குழிக்குள் ஊற்றினார். அது ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் இறங்கி, அவர் கால் மேலேயே வடிந்தது. குனிந்து பார்த்தார். குழி காய்ந்திருந்தது.

இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார். அதையும் ஊற்றினார்.

அந்தப் பூட்டு ராணியக்காவின் லாரியில் ஏறியது. மழையிலும் சேற்றிலும் ஐஸிலும், கியாக்தானுக்கும் ரங்கூனுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை ஃபோன் அடிக்கும்போதும் உஸ்மாவின் முகம் மாறும். பூட்டைப் பற்றி யாரும் ஃபோன் செய்யவில்லை.

6

சோதனை நாள். கியாக்தான் துறை. மழை கண்ணைத் திறக்க விடவில்லை. ஆற்றுக்கு நடுவில் இருக்கிற கோயில்கூடத் தெரியவில்லை. நான் பெரிய குடை ஒன்றைப் பிடித்திருந்தேன். அதற்குள் ஜுல்ஃபிகர் காக்காவும் ராணியக்காவும். உஸ்மா லாரிப் பெட்டிக்குள் ஏறினார். சிரித்துக்கொண்டுதான் ஏறினார். காக்கா கதவைச் சாத்தினார். நாக்கு விழுகிற சத்தம் மழையிலும் கேட்டது.

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: சாத்திய வேகத்தில் கதவு திறக்கிறது, உஸ்மா குதித்து இறங்குகிறார், எல்லோரும் கைதட்டுகி… (இவ்வளவு சுலபமாக முடிந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க வேண்டாம்.)

முடிவு இரண்டு: பூட்டு இறுகிவிடுகிறது, உள்ளே உஸ்மா… (மச்சி இந்தத் தாளைக் கிழித்துவிட்டார்.)

நடந்தது இது. உள்ளே என்ன ஆனது என்பதை அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.

கதவு சாத்தியதும் உஸ்மாவுக்குக் கண் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. ஐஸின் குளிர் கணுக்காலைப் பிடித்தது. தலைக்கு மேலே மழை இடித்தது. கையை நீட்டினார். பிடி இல்லை. தானே வரைந்து, தானே இடம் குறித்து, தானே திருகிய பிடி. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈரத் தகடுதான் இருந்தது. உள்ளே ஏறித் திரும்பியதில் திசை குழம்பிவிட்டது. இடது பக்கம் தடவினார். வலது பக்கம் தடவினார். வரைபடத்தில் எப்போதும் வெளிச்சம் இருக்கிறது என்று அப்போது தோன்றியதாம். ராணியக்கா இந்த இருட்டுக்குள்தான் இருந்திருக்கிறார். சத்தம் போட வேண்டும் போல வந்தது. போட்டால் காக்கா திறந்துவிடுவார். வாயை மூடிக்கொண்டு, உள்ளங்கை இரண்டையும் தகட்டில் பதித்து, மேலிருந்து கீழே மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். குளிர்ந்த உருண்டை ஒன்று கையில் பட்டது. கீழே அழுத்தினார்.

கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது.

கீழே இறங்கியவர் சிரிக்கவில்லை. பூட்டு சரி, இடம் தப்பு என்றார் ராணியக்காவிடம். இருட்டில் கைக்கு அகப்படவில்லை, இதை நான் மாற்ற வேண்டும் என்றார்.

ராணியக்கா பெட்டியின் தரையைக் காட்டினார்.

“நான் அன்னைக்கு நிக்கலை, தங்கச்சி. கொஞ்ச நேரத்துல கால் விட்டுப்போச்சு. கீழ உக்காந்துட்டேன்.”

உஸ்மா உடனே படகுக்காரர் ஒருவரிடம் நைலான் கயிறு வாங்கினார். பிடியைச் சுற்றிக் கட்டி, கதவின் அகலம் முழுக்க ஓடவிட்டு, தரைவரை தொங்கவிட்டார். எங்கே கை வைத்தாலும் கயிறு. கயிற்றை இழுத்தாலும் திறக்கும். நனைந்துகொண்டே, பேசிக்கொண்டே, இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டே, அவருக்குப் பழைய சந்தோஷம் திரும்பிவிட்டது. நிரந்தரமாக எப்படிச் செய்வது என்று காக்காவிடம் காற்றிலேயே வரைந்து காட்டினார்.

“யாதே,” என்றார் ராணியக்கா. சரிதான், ஆகும் என்று எங்கள் ஊர் பர்மியச் சொல். பெட்டிகளைக் கட்டச் சொன்னார். வந்த வேலை அதோடு முடிந்தது.

7

முடிந்தது என்று நினைத்துத்தான் குடையைத் திருப்பினேன்.

ராணியக்கா செருப்பைக் கழற்றிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டிருந்தார். யாரும் ஏறச் சொல்லவில்லை. உள்ளே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிச் சற்று நின்றார். பிறகு திரும்பி, ஒரு கையில் கயிற்றைப் பிடித்து, மறுகையால் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார்.

காக்கா என்னைப் பார்த்தார். நான் உஸ்மாவைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. ராணியக்காவின் முகம் தெரிந்தது. அழுகையா, சிரிப்பா, மழையில் தெரியவில்லை. இறங்கவில்லை. மறுபடியும் சாத்திக்கொண்டார்.

இந்த முறை திறக்கவில்லை.

மழை பெய்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. உஸ்மா லாரியை நெருங்கினார். குழிக்குள் விரலை விட்டார். அவர் செய்த கைப்பிடி, இழுத்தால் வந்துவிடும். அப்போது உள்ளேயிருந்து, துறையெல்லாம் கேட்கிற அந்தக் குரல்:

“வெளிய யாரும் தொடாதீங்க. நான் தொறப்பேன்.”

உஸ்மா விரலை எடுத்துவிட்டார்.

அந்தக் கதவு எப்போது திறந்தது, இறங்கி வந்த ராணியக்கா முதலில் என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாலு தடவை எழுதியும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெளியேயிருந்து நான் கதவைத் திறந்துவிடுகிற மாதிரியே இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

இவ்வளவு தூரம் எங்களோடு வந்துவிட்டீர்கள், துறையில்தான் நிற்கிறீர்கள். நனையாதீர்கள். குடைக்குள் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. கதவுப் பக்கம் கையை மட்டும் நீட்டாதீர்கள்.